தடுப்புச் சுவருக்கு இடம் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வக்கீல் அண்ணாவுக்கு வணக்கம். எனக்கு 49 வயது. கல்யாணமாகி 26 வருடமாகச் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். பிறந்த ஊர் தரங்கம்பாடிக்கு வடக்கே கடலை ஒட்டிய ஒரு கிராமம். அங்கே அப்பா சம்பாதித்து வாங்கிய 46 சென்ட் தோப்பும் அதில் ஓர் ஓட்டு வீடும் இருக்கின்றன. அப்பா 2011-இல் தவறிவிட்டார். உயில் இல்லை. அம்மா, நான், தம்பி மூன்று பேர்தான். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. கிழக்குப் பக்கம் சுமார் 16 சென்ட்டை இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது ஊரைக் காப்பாற்றக் கருங்கல் தடுப்புச் சுவர் வருகிறது. தெற்கிலிருந்து வரும் சுவர் எங்கள் தோப்பின் பாதியோடு முடிகிறதாம். சுவருக்கும் லாரி போகும் பாதைக்கும் 12 சென்ட் வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். தம்பி, "எல்லாரும் போட்டுட்டாங்க, நீயும் போட்டு அனுப்பு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறான். "நாலு காசுக்காக ஊரையே கடலுக்குக் கொடுக்கப் போறீங்களா" என்று அம்மாவிடம் ஊரார் கேட்டிருக்கிறார்கள். அம்மா போனில் அழுகிறார். அரசு இப்படி எடுத்துக்கொள்ள முடியுமா? பணம் கேட்பது தப்பா? கடல் கொண்டுபோன இடத்துக்கு ஏதாவது கிடைக்குமா? கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு இதில் பேச உரிமை இருக்கிறதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் ஒன்று. அந்தப் படிவத்தில் இன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மாவுக்கும் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

நீங்கள் அனுப்பிய நகலை மூன்று முறை படித்தேன். மேலே புல எண் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. நடுவில், "மேற்படி இடத்தில் பணி மேற்கொள்ள எனக்கு யாதொரு ஆட்சேபனையும் இல்லை, பிற்காலத்தில் இழப்பீடு எதுவும் கோரமாட்டேன் என உறுதியளிக்கிறேன்" என்று அச்சடித்திருக்கிறது. தேதி போடும் இடம் காலியாக இருக்கிறது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று ஒரு வரிகூட இல்லை. அரசு உங்கள் நிலத்தை எடுப்பதற்கான அறிவிப்பு என்று நினைத்துத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். உண்மையில் இது நீங்களாக இனாமாகக் கொடுப்பதற்கான தாள். இதில் கையெழுத்து விழுந்துவிட்டால் தம்பி சொல்கிற "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதற்கு இடமே இருக்காது. பார்ப்பதற்கு வழி இல்லாமல் செய்வதே அந்தக் கடைசி வரியின் வேலை.

அரசு உங்கள் நிலத்தை எடுக்க முடியுமா என்றால், முடியும். கடலரிப்பைத் தடுப்பது பொதுக் காரியம் இல்லை என்று எந்த நீதிமன்றத்திலும் யாரும் வாதாட முடியாது. ஆனால் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சொத்துரிமை 1978-ஆம் ஆண்டின் 44-வது திருத்தத்தோடு அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போய்விட்டது என்றாலும், அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவில் அப்படியே உயிரோடு இருக்கிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விரித்துச் சொன்னது. முன்கூட்டி அறிவிப்பு தர வேண்டும், ஆட்சேபனையைக் கேட்க வேண்டும், காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும், பொதுக் காரியத்துக்காக மட்டுமே எடுக்க வேண்டும், நியாயமான இழப்பீடு தர வேண்டும், காலத்தோடு முடிக்க வேண்டும், கடைசியில் நிலம் முறையாக அரசின் பேரில் சேர வேண்டும். இந்த ஏழும் 300ஏ-க்குள் அடங்கிய உரிமைகள் என்பது அந்தத் தீர்ப்பு. உங்கள் கையில் இருக்கும் படிவம் இந்த ஏழையும் ஒரே கையெழுத்தில் தாண்டிப் போகப் பார்க்கிறது.

சேலத்தில் இருக்கிற உங்களுக்கு இது புதிதாக இருக்காது. 2018-இல் சென்னை எட்டுவழிச் சாலைக்காகக் குப்பனூர், பூலாவரிப் பக்கமெல்லாம் கல் நட்டபோது, கல்லைக் கட்டிக்கொண்டு அழுத பெண்களை நாம் எல்லோரும் பார்த்தோம். சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அந்த நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கைகள் செல்லும் என்றது. அந்த இரண்டு வருடமும் என் அலுவலகத்துக்கு வந்த ஒவ்வொரு விவசாயியிடமும் நான் முதலில் கேட்டது, "எந்தச் சட்டத்துல நோட்டீஸ் வந்திருக்கு?" என்பதுதான். அது 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம். ஆட்சேபனை சொல்ல 21 நாள்தான். உங்களுக்குப் பொருந்துவது 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். இதில் 11-ஆம் பிரிவின் முதல் அறிவிக்கை வந்த பிறகு ஆட்சேபனைக்கு 60 நாள் உண்டு. சட்டம் மாறினால் நாள் கணக்கும் மாறும், பணக் கணக்கும் மாறும். சட்டத்தின் பேரே இல்லாத தாளுக்கு என்ன கணக்குப் போடுவது?

சரி, இனி அம்மாவின் அழுகைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை ரொம்பத் தொட்டது அதுதான்.

ஊரைக் காக்கிற காரியத்துக்குப் பணம் கேட்பது தப்பா என்று கேட்கிறீர்கள். தப்பே இல்லை. சுவர் வந்தால் காப்பாற்றப்படப் போவது மொத்த ஊர். மீன் இறக்கும் இடம், கோயில், பள்ளிக்கூடம், உள்ளே இருக்கும் இருநூறு முந்நூறு வீடு எல்லாமே. கல் விலை, லாரி வாடகை, சிமென்ட், கூலி எல்லாம் நம் எல்லோருடைய வரிப்பணத்திலிருந்து போகிறது. கல் கொடுக்கிற குவாரிக்காரரிடம் யாரும் ஊர் நன்மைக்காகச் சும்மா கொடு என்று கேட்பதில்லை. கல் உட்காருகிற இடத்தை மட்டும், அது கடல் ஓரத்தில் இருக்கிறது என்கிற காரணத்துக்காக, ஒரு விதவைத் தாய் சும்மா கொடுக்க வேண்டும் என்பதில் என்ன நியாயம்? பொதுக் காரியத்தின் செலவைப் பொதுவில்தான் சுமக்க வேண்டும். சட்டம் இழப்பீடு என்று ஒன்றை வைத்திருப்பதன் காரணமே அதுதான். ஊராரிடம் அம்மா சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "சுவர் வரட்டும், நாங்க குறுக்கே நிக்கல, முறையா எடுத்துக்கட்டும்."

இதே சங்கடம் உலகத்தின் இன்னொரு மூலையிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹார்வி சீடார்ஸ் என்று ஒரு கடலோரச் சிற்றூர். கடலைத் தடுக்க 22 அடி உயர மணல் மேடு போட ஒரு வயதான தம்பதியின் இடத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். மேடு கடல் காட்சியை மறைக்கிறது, அதற்கும் இழப்பீடு வேண்டும் என்று அவர்கள் வழக்காட, நடுவர் குழு 3,75,000 டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோதே 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தது. மேட்டுக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீடு தப்பித்தது. 2013 ஜூலையில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், மேட்டினால் அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் இழப்பீட்டை முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. கடைசியில் ஒரு டாலருக்குச் சமரசம் ஆனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "சுவரால் உங்களுக்கும் லாபம்தானே, அதைக் கழித்துக்கொள்ளலாமே" என்று உங்களிடமும் யாராவது சொல்லலாம். நம் சட்டத்தில் அந்தக் கழித்தலுக்கு வழி வைக்கவில்லை. இழப்பீட்டில் கலெக்டர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 28-ஆம் பிரிவு அடுக்கிச் சொல்கிறது. நிலத்தைத் துண்டாக்குவதால் வரும் நஷ்டம், மீதி நிலத்துக்கும் வருமானத்துக்கும் வரும் கெடுதல் எல்லாம் அதில் இருக்கின்றன. லாபத்தைக் கழிக்கச் சொல்லும் வரி அதில் இல்லை. அதைவிட முக்கியம், உங்கள் விஷயத்தில் சுவரால் உங்களுக்கு லாபமா என்பதே சந்தேகம். சுவர் உங்கள் தோப்பின் பாதியோடு முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் இந்த விவகாரத்தின் முழுக் கனமும் இருக்கிறது.

நம் கிழக்குக் கடற்கரையில் அலை மணலை வருடக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. நடுவில் எதையாவது குறுக்கே கட்டினால் அதன் தெற்கில் மணல் சேரும், வடக்கில் மணல் வராமல் கரை கரையும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் இப்படித்தான். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்குத் தடுப்புக் கட்டிய பிறகு நகரத்தின் கடற்கரை மணல் போயிற்று. அங்கே கல் கொட்டினார்கள். அப்புறம் அதற்கும் வடக்கே இருந்த குப்பங்களில் வீடு விழ ஆரம்பித்தது. தூண்டில் வளைவு கடலுக்குள் நீண்டு மணலை மறிக்கும். நீளச் சுவர் கரை ஓரமாகவே ஓடும். இரண்டிலும் அது முடிகிற முனைக்குப் பக்கத்து நிலம்தான் அடி வாங்கும். சுவரில் மோதிய அலையின் வேகம் முனையில் திரும்பி வெறும் மண்ணைக் குடையும். கடலோரத்தில் வளர்ந்த உங்கள் அம்மாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அப்படியானால் 12 சென்ட் கொடுத்த பிறகு உங்களுக்கு மிஞ்சும் 18 சென்ட், அந்த ஓட்டு வீட்டோடு சேர்ந்து, சுவரின் வடக்கு முனைக்கு அப்பால் நிற்கும். சுவர் ஊரைக் காக்கும்போது அந்த 18 சென்ட்டைக் கடலுக்குக் காட்டிக்கொடுக்கும் அபாயம் இருக்கிறது. எனவே ஆட்சேபனை மனுவில் உங்கள் முதல் கோரிக்கை பணமாக இருக்க வேண்டாம். சுவரை உங்கள் வடக்கு எல்லையைத் தாண்டி நீட்டுங்கள், அல்லது முனையை நிலத்துக்குள் வளைத்து முடியுங்கள் என்று கேளுங்கள். முடியாது என்றால் மீதி நிலத்துக்கு வரும் கெடுதலுக்கும் 28-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேளுங்கள். சுவரோ பாதையோ வீட்டின் ஒரு மூலையைத் தொடுகிறது என்றால் 94-ஆம் பிரிவு இருக்கிறது. வீட்டில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக் கூடாது, எடுத்தால் முழுவதையும் எடுங்கள் என்று சொல்ல அது உரிமை தருகிறது.

இதற்கெல்லாம் வரைபடம் வேண்டும். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள். சுவரின் வரைபடம், எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டின் மண்டல அறிவிக்கைப்படி அரிப்புத் தடுப்புப் பணிக்கு இடம் உண்டு. ஆனாலும் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கடல் கொண்டுபோன 16 சென்ட் பற்றிக் கேட்டீர்கள். மனம் நோகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு நில எடுப்புச் சட்டத்தில் காசு வராது. அந்தச் சட்டம் அரசு எடுப்பதற்குத்தான் விலை கொடுக்கும். அலை எடுத்ததற்குக் கொடுக்காது. உயர் அலைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் கடல் தரை அரசுடையது என்று 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே சொல்கிறது. பட்டாவில் இன்னும் 46 சென்ட் என்று இருந்தாலும் இழப்பீட்டுக் கணக்குத் தரையில் இருப்பதை வைத்துத்தான் நடக்கும். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த நாடு முழுமைக்கும் 1,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதுவும் மறுகுடியமர்வுக்குத்தான், போன மண்ணுக்கு விலையாக இல்லை. தரங்கம்பாடியில் 1306-இல் கட்டிய மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியையே கடல் தின்றிருக்கிறது. அந்தக் கரையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு நம் சட்டம் இன்னும் ஒரு நல்ல பதிலைக் கண்டுபிடிக்கவில்லை. இது எனக்கு ஆறாத குறை. மேட்டூரில் 1934-இல் அணை கட்டி முடித்ததிலிருந்து காவிரி மணலில் ஒரு பங்கு நம் மாவட்டத்திலேயே தங்கிவிடுகிறது. ஆற்று மணல் கடலுக்குப் போய்ச் சேராததும் கரை தேய ஒரு காரணம். நாம் தண்ணீர் குடிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, கரை இழந்தவர்களைப் பார்த்து "கடலோரத்தில் ஏன் இருந்தீர்கள்" என்று கேட்க எனக்கு வாய் வராது.

போன 16 போகட்டும். இருக்கிற 30 சென்ட்டை இன்றைய தேதியில் நிலைநாட்டுவதுதான் அவசரம். 11-ஆம் பிரிவின் அறிவிக்கை வரும் தேதியில் என்ன மதிப்போ அதுதான் சந்தை மதிப்பு. அதற்குள் ஒரு மழைக்காலம் வந்து இன்னும் இரண்டு சென்ட்டைக் கொண்டுபோனால் அந்த இரண்டும் கணக்கில் வராது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி சர்வேயரை அழைத்து அளந்துவிடுங்கள். புலப்படத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். அதன் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு ஓடும். ஜி லைன் என்பார்கள். அதிலிருந்துதான் ஒவ்வொரு வளைவுக்கும் அளவு எடுத்திருப்பார்கள். உங்கள் கிழக்கு எல்லைக் கல் இப்போது தண்ணீருக்குள் இருக்கும். மேற்குப் பக்கத்தில் வேலிக்குள் புதைந்து கிடக்கும் கல்லைத் தேடி, மண்ணைத் தள்ளி, அதிலிருந்து கிழக்கே அளக்கச் சொல்லுங்கள். அளக்கும்போது அம்மாவும் தம்பியும் கூட நிற்கட்டும். கல்லும் நாடாவும் கடலும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுங்கள்.

மரம், கிணறு, மோட்டார் கொட்டகை எல்லாம் தனியாக மதிப்பிட வேண்டும் என்பது 29-ஆம் பிரிவு. இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஏற்காட்டுப் பக்கத்தில் எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார். பெரியவர். சாலையை அகலப்படுத்தி ஓரத்தில் தாங்கு சுவர் கட்ட அவர் காப்பித் தோட்டத்தில் 7 சென்ட் எடுத்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து மகசர், அதாவது இடத்தில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல், எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "சில்வர் ஓக் மரம் 11" என்று எழுதியிருந்தது. அந்தப் பதினொன்றில் ஒன்பது மரத்தில் இருபது வருட மிளகுக் கொடி உச்சிவரை ஏறியிருந்தது. கொடி என்று ஒரு சொல் மகசரில் இல்லை. பெரியவருக்கு வருடா வருடம் சோறு போட்டது மரம் இல்லை, அந்தக் கொடி. மிளகு விற்ற பழைய ரசீதுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, நான்கு வருடம் அலைந்து அதைச் சேர்த்தோம். உங்கள் தோப்பில் தென்னை எத்தனை, அதில் காய்ப்பது எத்தனை, தென்னம்பிள்ளை எத்தனை, கிணற்றில் நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா, தேங்காய் போட்ட பணம் வருடத்துக்கு எவ்வளவு என்று அம்மாவை உட்கார வைத்து இன்றே ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். மகசர் தாளில் அது முழுவதும் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்து.

பணக் கணக்கு எப்படி வரும் என்று ஒரு மாதிரி காட்டுகிறேன். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கம்பக்கத்து நிலங்களின் கடந்த மூன்று வருடக் கிரயங்களை எடுத்து, அதில் விலை கூடிய பாதியைப் பிரித்துச் சராசரி போடுவார்கள். அதையும் வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். சென்ட் 20,000 ரூபாய் என்று வந்தால் 12 சென்ட்டுக்கு 2,40,000. கிராமப்புறம் என்பதால் 1-க்கும் 2-க்கும் நடுவில் அரசு வைத்திருக்கும் காரணியால் பெருக்க வேண்டும். 1.25 என்று வைத்தால் 3,00,000. மரமும் கிணறும் 60,000 என்றால் 3,60,000. அதற்குச் சமமாக இன்னொரு மடங்கு சொலேஷியம் என்கிற ஆறுதல் தொகை. ஆக 7,20,000. இது போகச் சந்தை மதிப்பின் மேல் வருடத்துக்கு 12 சதவீதம், நிலம் எடுப்பதால் மக்களுக்கு வரும் பாதிப்பைப் பார்க்கும் சமூகத் தாக்க ஆய்வின் அறிவிக்கை நாளிலிருந்து, இழப்பீட்டை முடிவு செய்து கலெக்டர் போடும் உத்தரவான தீர்வம் வரும் நாள் வரை, அதற்கு முன்பே நிலத்தை எடுத்துக்கொண்டால் அந்த நாள் வரை. 96-ஆம் பிரிவின்படி இதற்கு வருமான வரியும் கிடையாது. இப்போது அந்தப் படிவத்தைப் பாருங்கள். அதில் இந்த இடத்தில் இருப்பது பூஜ்யம்.

"அவசரம், புயல் வரும், இதற்கெல்லாம் நேரம் இல்லை" என்று சொல்லலாம். அவசரத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இயற்கைப் பேரிடரால் எழும் அவசரம் என்றால் 40-ஆம் பிரிவில் எடுக்கலாம். அதற்கு 80 சதவீதப் பணத்தை முதலில் கொடுத்துவிட்டுத்தான் நிலத்தில் இறங்க வேண்டும், அவசரமாக எடுப்பதற்காக மொத்த இழப்பீட்டில் 75 சதவீதம் கூடுதலாகவும் தர வேண்டும். அவசரத்தைக் காட்டி இனாமாக எடுக்கச் சட்டம் சொல்லவில்லை, கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறது.

நேரடியாகப் பேசி விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று வந்தால் கேட்டுப் பாருங்கள், கெடுதல் இல்லை. ஆனால் கிரயப் பத்திரம் எழுதிவிட்டால் பிறகு கூடுதல் கேட்டுப் போக முடியாது. மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு தாள் வரலாம். இது பட்டா நிலமே இல்லை, புறம்போக்கு, காலி செய் என்று ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ். பட்டா உள்ள தோப்புக்கு அது செல்லாது. வீடு இருக்கும் இடம் கிராம நத்தமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். நத்தத்தில் குடியிருக்கும் மனை அரசுப் புறம்போக்கு ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் அம்மாவிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு உங்கள் அப்பா அரசின் சுனாமி வீடு வாங்கினாரா? அப்போது கடலை ஒட்டிய பழைய வீட்டையும் மனையையும் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பலருக்குப் புது வீடு கிடைத்தது. அப்படி ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் வில்லங்கச் சான்றில் தெரியும். அதை எனக்கு மறைக்காமல் சொல்லுங்கள், என் பதில் அதற்கேற்ப மாறும். பழைய பத்திரங்களைத் தேடும்போது மாவட்டப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1991 வரை அது தஞ்சாவூர், 2020 வரை நாகப்பட்டினம், அதற்குப் பிறகுதான் மயிலாடுதுறை.

உங்கள் உரிமை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பா சம்பாதித்த சொத்து, உயில் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கல்யாணம் ஆனதால் அது குறையாது. தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் அது அவர் பங்கைத்தான் கட்டும். ஏற்கெனவே போட்டுவிட்டாரா என்று கோபப்படாமல் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவை மூவர் பெயருக்கும் மாற்ற மனுப் போடுங்கள். தம்பிக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டாம். பங்கில் தகராறு என்று எழுத்தில் தெரிவித்தால் பணத்தை யார் கையிலும் கொடுக்காமல் சட்டப்படி அமைந்த ஆணையத்தில் கட்டிவிடுவார்கள். ஆனால் அந்த அளவுக்குப் போக விடாதீர்கள். தம்பியும் நீங்களும் ஒரே பக்கம் நின்றால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். "போட்டு அனுப்பு" என்று சொன்னவர் அதற்கப்புறம் அப்படிச் சொல்ல மாட்டார்.

கடைசியில் தீர்வம் வந்து, தொகை குறைவாக இருக்கிறது என்று தோன்றினால் பணத்தை வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. வாங்குங்கள், ஆனால் ரசீதில் "ஆட்சேபனையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தச் சொற்கள் இல்லாமல் வாங்கிவிட்டால் கூடுதல் கேட்டு 64-ஆம் பிரிவில் மனுப் போட முடியாது. தீர்வம் சொல்லும் நாளில் நீங்கள் அங்கே இருந்தால் மனுவுக்கு ஆறு வாரம்தான் கெடு. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு கடிதம். மூவரும் கையெழுத்துப் போட்டு மாவட்ட ஆட்சியருக்கும் வட்டாட்சியருக்கும், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாசகம் இப்படி இருக்கட்டும்: "கடலரிப்புத் தடுப்புச் சுவர் கட்டுவதற்கு எங்களுக்கு எதிர்ப்பு இல்லை. எங்கள் பட்டா நிலத்தில் 12 சென்ட் தேவை என்று கொடுக்கப்பட்ட ஒப்புதல் படிவத்தில் நாங்கள் கையொப்பமிடவில்லை. எங்களில் யாராவது முன்பே கையொப்பமிட்டிருந்தால் அதை இதன் மூலம் திரும்பப் பெறுகிறோம். 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி எடுக்குமாறும், சுவரின் வடக்கு முனை எங்கள் மீதி நிலத்துக்கும் வீட்டுக்கும் கேடு செய்யாதவாறு அமைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை எங்கள் நிலத்தில் இறங்கவோ மரம் வெட்டவோ எங்களுக்குச் சம்மதமில்லை."

அந்த அத்தாட்சி வந்ததும் அதையும், அம்மா எழுதிய நோட்டையும், அளந்த தாளையும் எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒரு நடை வாருங்கள். தம்பியையும் கூட்டி வாருங்கள். சுவரின் வரைபடம் அதற்குள் கிடைத்திருந்தால் நான்கு பேருமாக மேசையில் விரித்து, முனை எங்கே விழுகிறது என்று பார்த்துவிடலாம்.